இடது தோளில் முக்கால் அங்குலம்

என் தம்பி இறந்த செய்தி எனக்குக் கிடைத்தபோது அவன் இறந்து அறுபத்தைந்து நாள் ஆகியிருந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. ஸ்காபரோவில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ற் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தபால் பெட்டிக்கு முன்னால் நின்று கையுறையைக்கூடக் கழற்றாமல் கடிதத்தைப் படித்தேன். அவனுடைய சிநேகிதன் வின்சன்ற் எழுதி, யாரிடமோ கொடுத்துக் கொழும்பில் தபாலில் போடுவித்திருந்தான். யாழ்ப்பாணத்தைவிட்டுச் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது அவர்களும் வெளிக்கிட்டிருக்கிறார்கள். கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நேரம் ஜனார்த்தனுக்கு மலேரியா வந்திருக்கிறது. மருந்து கிடைக்கவில்லை. மார்கழி பத்தொன்பதாம் திகதி முடிந்துவிட்டது, அங்கேயே எரித்துவிட்டோம் என்று ஒரு பக்கத்தில் எழுதியிருந்தான். மற்றப் பக்கம் வெறுமையாக இருந்தது. அதையும் திருப்பிப் பார்த்தேன்.

லிஃப்ற் வந்து திறந்து மூடிப் போனது. நான் ஏறவில்லை. மூலையில் இருந்த பொதுத் தொலைபேசியில் கோயில் ஐயரைக் கூப்பிட்டேன். பெயர் சொல்லவில்லை. ஒரு சாவை முப்பத்தொரு நாள் கழிந்த பிறகு கேள்விப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். கூடப்பிறந்தவர்கள் என்றால் கேட்டவுடனே தலையில் முழுகி, உடுத்திருந்ததைத் தோய்த்துப்போட்டால் சரி, துடக்கு என்று தீட்டுக் காக்கத் தேவையில்லை என்றார். மனைவிக்கு என்றால் எப்படி என்றேன். மனைவிக்கு அப்படி இல்லை, அவ எப்போது கேட்கிறாவோ அன்றைக்குத்தான் முதல் நாள், அதிலிருந்து முப்பத்தொன்றும் காக்க வேண்டும் என்றார். நன்றி சொல்லி வைத்தேன்.

தம்பியின் மனைவி ஒன்பதாம் மாடியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

சுபாங்கியைத் தம்பி தொண்ணூற்று மூன்றில் கட்டினான். தொண்ணூற்றைந்து தைமாதம் அவளை முதலில் ஏஜென்சி மூலம் இங்கே அனுப்பிவைத்தான். தான் மூன்று மாதத்தில் வருகிறேன் என்றான். சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. வந்த நாள் முதல் அவள் புருசனின் அக்காவான என்னோடு இருக்கிறாள். காலையில் ஒரு கேக் தொழிற்சாலைக்குப் போவாள், நாலு மணிக்கு வருவாள், வந்ததும் தபால் பெட்டியைத் திறப்பாள். பிறகு அவனைக் கூப்பிடுவதற்கான ஸ்பொன்சர் படிவங்களை விரித்துவைத்துக்கொண்டு, இதற்கு என்ன எழுதுவது, அதற்கு என்ன எழுதுவது என்று என் உயிரை வாங்குவாள். அந்த வியாழக்கிழமை தபால்காரன் பிந்தி வந்ததால்தான் கடிதம் என் கையில் அகப்பட்டது.

உள்ளே போனேன். அவளைப் பார்க்காமல் நேரே குளியலறைக்குள் நுழைந்து, உடுத்த உடுப்போடு தலையில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். உடுப்பு முழுவதையும் அங்கேயே தோய்த்துப் பிழிந்து, திரைக்கம்பியில் காயப்போட்டேன். கதவில் கிடந்த வீட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது சுபாங்கி கதவடியில் நின்றாள். வியாழக்கிழமை பின்னேரம் இதென்ன முழுக்கு என்று கேட்டாள். பஸ்ஸில் ஒருத்தன் கோப்பியை என் தலையில் ஊற்றிவிட்டான் என்று சொன்னேன். எனக்குப் பொய் சொல்ல வராது. வந்தாலும் இப்படித்தான் வரும். அவள் கிட்ட வந்து துவாயைத் தந்தாள். புட்டு நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதை மறைத்து என்ன பயன்? அழுகை வரும் வரும் என்று இரவு விழித்திருந்தேன், வரவில்லை, நித்திரைதான் வந்தது. காலையில் பல்லுத் தீட்டினேன். வோர்டன் பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்ததற்குச் சந்தோசப்பட்டேன். கூடப்பிறந்தவன் போய்விட்டான், எனக்குச் சீற் கிடைத்துவிட்டது. இப்படி ஒரு பிறவி இருக்குமா என்று என்னையே திட்டிப் பார்த்தேன். அதுவும் பலிக்கவில்லை.

அழாமல் போய் ஒரு பெண்ணிடம் உன் புருசன் செத்துப்போனான் என்று எப்படிச் சொல்வது? வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் இருக்குமே. அதோடு ஐயர் சொன்னதும் இருந்தது. நான் வாய் திறக்கும் நாள்தான் அவளுக்கு முதல் நாள். திறக்காதவரை அவள் ஜனார்த்தன் பெண்சாதி, தாலியும் கழுத்துமாகத் தபால் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கலாம். எனக்கு அழுகை வரட்டும், அன்றைக்குச் சொல்லுவோம் என்று தீர்மானித்தேன்.

நான் வேலை செய்தது ஸ்பெடைனாவில், பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில். முன்பு அதே கட்டடத்தில் குளிர் ஜக்கெற்றுகளுக்குக் கொலர் தைத்தேன். ஐந்து வருடம், கொலர் மட்டும். அந்தக் கொம்பனி பூட்டப்பட்டபோது டெல்ஃபின் என்னைத் தன் பட்டறைக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். டெல்ஃபின் ட்ரினிடாட்காரி. என்னைவிடப் பத்து வயது கூட, என்னைவிட ஒரு முழம் உயரம். ஊரில் கார்னிவல் வேசங்களுக்குக் கம்பி வளைத்துப் பழகியவள். இங்கே அவள் செய்ததை உடுப்பு என்பதா, சிற்பம் என்பதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. செப்புக் கம்பியில் கிரகங்கள் சுற்றும் கொலர்கள். பழைய கொம்பியூட்டர்களின் பச்சைத் தகடுகளை அறுத்துக் கோத்த மார்புப் பதக்கங்கள். கசெற்றுகளின் நாடாவை உருவிப் பின்னிய சால்வைகள். ஜெராட் வீதியில் வாங்கிவந்த காஞ்சிபுரச் சேலையை என் கையில் கத்திரியோடு தந்து, இதை உள்துணியாக வெட்டு என்பாள். முதல் நாள் கை கூசியது. பிறகு பழகிவிட்டது.

எங்கள் ஆட்களை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றியபோது உடுப்பைக்கூட மிச்சம் விடவில்லை, பழையதைத் தேடிப் போனால் ஒன்றும் அகப்படாது, அதனால் வரப்போகிற காலத்திலிருந்து எடுத்து உடுக்கிறோம் என்பாள். இன்னும் ஆயிரம் வருடத்தில் கறுப்பு ராசாக்களும் ராணிகளும் எதைப் போட்டுக்கொண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில் நடப்பார்கள் என்று யோசித்துத்தான் துணியில் கை வைப்பாள். தொடக்கத்தில் எனக்கு இது விசர்க்கதையாக இருந்தது. ஆனால் அந்த விசருக்குத் தையல் நேராக இருக்க வேண்டும் என்று சண்டை பிடிப்பாள். அதனால் மதித்தேன்.

அவளிடம் உடுப்புச் செய்வித்தவர்களில் ஒரு ஜாஸ் குழு இருந்தது. பதினொரு பேர். சக்சபோன் வாசிக்கும் கிழவர்தான் தலைவர். தாங்கள் இந்தப் பூமிக்காரர் இல்லை, ஆளுக்கொரு நட்சத்திரத்திலிருந்து வந்தவர்கள் என்று மேடையில் சொல்லுவார்கள். கீழே இறங்கினால் ஒருவர் தபால் கந்தோரில் வேலை, இன்னொருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வாசிப்பு ஒரு மணித்தியாலம் நிற்காமல் போகும். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று எனக்குப் பிடிபட்டதில்லை. அவர்களின் ட்ரம் வாசிப்பவர், லெஸ்லி என்ற பெரிய மனிதர், முந்தின இலையுதிர் காலத்தில் மாரடைப்பில் போய்விட்டார். சித்திரையில் அவருக்காக ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். ட்ரம் ஆசனத்தில் ஆள் இருக்காது. அவருக்கென்று செய்த மேலங்கி மட்டும் கம்பிச் சட்டத்தில் இருக்கும். மேலங்கிக்குப் பக்கத்தில் மற்றவர்கள் வாசிப்பார்கள்.

அந்த மேலங்கியைத் தைக்கும் வேலை பங்குனி தொடக்கத்தில் எனக்கு வந்தது. அளவு இல்லை. லெஸ்லியின் உடுப்புகளை வீட்டுக்காரர் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். ட்ரம்முக்குப் பின்னால் அவர் சிரித்துக்கொண்டிருக்கும் ஒரு படத்தைத் தந்து, கண்ணளவில் வெட்டு, உன் கையை நம்புகிறேன் என்றாள் டெல்ஃபின்.

வெட்டினேன். கருநீல வெல்வெற், செம்மஞ்சள் சேலை உள்துணி. கசெற் நாடா பின்னிய கை. மூன்று கிழமை அதோடு போனது. இவ்வளவு ஒழுங்காக நான் ஒருநாளும் வேலை செய்ததில்லை. மத்தியானம் கீழே சீனக் கடையில் மீன் நூடில்ஸ் சாப்பிடுவேன், திரும்பி வந்து தைப்பேன்.

வீட்டிலும் எனக்கு வசதியாகவே போனது. சுபாங்கி தபால் பெட்டியைப் பற்றிக் கதைப்பதை விட்டிருந்தாள். படிவங்களை எடுக்கவில்லை. அலுத்துவிட்டாள், நல்லது என்று நினைத்தேன். ஏதோ நேர்த்தி என்று மரக்கறி மட்டும் சமைத்தாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூப்பிட்டால் வேலைக் களைப்பு என்றாள். ஹீற்றர் சரியில்லை என்று வீட்டுக்குள்ளும் கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை போட்டிருந்தாள். பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை வடையும் பாயசமும் செய்து வாழையிலைக்குப் பதில் வெள்ளித் தாளில் பரிமாறினாள். என்ன விசேசம் என்றேன். ஆசையாக இருந்தது என்றாள். நான் நாலு வடை சாப்பிட்டேன்.

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருக்கையில் மேலங்கியைப் பொம்மையில் மாட்டினோம். வலப்பக்கம் அச்சாவாக இருந்தது. இடப்பக்கம் தோள் மூட்டில் துணி சுருங்கிக்கொண்டு நின்றது. அதோடு அங்கி முழுக்கச் சின்னது. லெஸ்லி கதவால் பக்கவாட்டில் நுழைகிற ஆள். இது ஒரு மெலிந்த இளந்தாரிக்குத் தைத்தது. டெல்ஃபின் அளவு நாடாவை எடுத்து இரண்டு தோளையும் அளந்தாள். இடது தோள் முக்கால் அங்குலம் பதிவாக, தாழ்த்தி வெட்டப்பட்டிருந்தது. அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, இது யாருடைய தோள் என்று கேட்டாள்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஜனார்த்தன் பதினொரு வயதில் சைக்கிளோடு மதகில் விழுந்து காறை எலும்பை உடைத்துக்கொண்டவன். பொருந்தியபோது இடது தோள் முக்கால் அங்குலம் இறங்கிவிட்டது. ஊரில் அவனுடைய சேர்ட் எல்லாம் நான் தைத்தது. அந்த முக்கால் அங்குலத்தைத் தோளில் குறைத்துத் தைத்தால், சேர்ட் போட்டபிறகு குறை தெரியாது. அவனுடைய கலியாணச் சேர்ட்டையும் இங்கேயிருந்து தைத்து, போகிற ஆளிடம் கொடுத்துவிட்டேன். நாலு வருடம் காணாதவனுக்கு அளவில்லாமல் வெட்டினது, நூல் பிசகாமல் இருந்ததாக எழுதினான்.

"மை பிரதர்," என்றேன். "ஹி இஸ் டெட்."

இங்கிலிசில் அது லேசாக வந்தது. யாரோ படிவத்தில் கேட்டதற்குப் பதில் சொன்னதுபோல். டெல்ஃபின் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, அதற்கு இன்றைக்கும் நன்றி. எப்போது என்றாள், சொன்னேன். யாருக்குத் தெரியும் என்றாள். உனக்குத்தான் என்றேன். அவனுக்கு மனைவி இருக்கிறாளா என்றாள். என்னோடுதான் இருக்கிறாள் என்று சொன்னபோது, டெல்ஃபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டாள்.

புதிதாக வெட்ட நேரமில்லை என்று நான் சொன்னேன். வெட்ட வேண்டாம் என்றாள். கம்பிச் சட்டத்தை மேசையில் கிடத்தி, குறட்டால் இடது தோளைப் பிடித்து, அளந்து, முக்கால் அங்குலம் கீழே வளைத்தாள். மேலங்கியை எடுத்து மாட்டினாள். சுருக்கம் இல்லை. துணி நேராக விழுந்தது. அந்த ஆசனம் இரண்டு பேரைத் தாங்கும், லெஸ்லி ஒதுங்கி இருக்கக்கூடிய மனிசன்தான் என்றாள். பிறகு இரண்டு ரிக்கெற் தந்தாள். உன் தம்பியின் மனைவி இதைப் பார்க்க வேண்டும், ஆனால் பார்க்க முதல் நீ சொல்லியிருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

சனிக்கிழமை வருசப்பிறப்பு. சுபாங்கிக்கு நான் வாங்கிவைத்த சுடிதாரை, பிறகு போடுகிறேன் என்று அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். கைவிசேசக் காசும் வாங்கவில்லை. நான் தனியக் கோயிலுக்குப் போய் அருச்சனை செய்தேன். தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் வழக்கம்போல ஐயரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் செத்தவன் பேரில் அருச்சனை செய்கிறேன் என்று உறைத்தது. அதற்கும் ஒன்றும் வரவில்லை. தீர்த்தத்தை வாங்கிக் குடித்தேன்.

மறுநாள் ஞாயிறு, பிற்பகல் மூன்று மணிக்கு நிகழ்ச்சி. என் வேலையைப் பார்க்க வா என்று அவளைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். வோர்டனில் ரயில் ஏறும்போது சொல்லுவோம் என்று இருந்தேன். ஒரு பிள்ளைத் தள்ளுவண்டி குறுக்கே வந்துவிட்டது. பேப் ஸ்ரேசனில் சொல்லுவோம் என்றேன். பாலத்துக்கு மேலே ரயில் போனபோது அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்து முடிக்கட்டும் என்று விட்டேன். பத்தர்ஸ்ற்றில் இறங்கி மண்டபத்துக்கு நடக்கும்போது வாயைத் திறந்தேன். பசிக்குதா என்று கேட்டேன்.

மண்டபத்தில் நிறையச் சனம், சரியான சூடு. மூன்றாம் வரிசையில் இடம் தந்தார்கள். வெளிச்சம் குறைந்தது. குழு பின்கதவால் வந்தது. என் கையால் தைத்த அங்கிகளோடு, கிரகங்கள் ஆடும் கொலர்களோடு, வாசித்துக்கொண்டே சனத்துக்கு நடுவில் மூன்று முறை சுற்றி வந்தார்கள். கோயில் வீதியில் சாமி சுற்றி வருவதுபோல்தான் இருந்தது, சாமிக்குப் பதில் பெரிய பித்தளை ரியூபா. மேடையில் ஏறியதும் தலைவர் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு, எந்த நட்சத்திரம் என்று கேட்டார். அவரவர் தன் வாத்தியத்தால் பதில் சொன்னார். கடைசியாக ட்ரம் ஆசனத்தைப் பார்த்துக் கேட்டார். அதன் மேல் வெளிச்சம் விழுந்தது. கருநீல அங்கி நிமிர்ந்து இருந்தது, தலையில்லாமல், இடது தோள் சற்று இறங்கி. ஒருவரும் வாசிக்கவில்லை. பதிலுக்காக எல்லாரும் காத்திருந்தார்கள்.

சுபாங்கி முன்னால் குனிந்து பார்த்தாள். கன நேரம் பார்த்தாள்.

"மச்சாள், உது ஆர் தைச்சது?"

"நான்தான்."

"உது அவற்ற தோள்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். சூட்டுக்கு அவள் கோட்டையும் கம்பளிச் சால்வையையும் கழற்றி மடியில் வைத்திருந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது. தாலிக்கொடி கிடந்த இடத்தில் மெல்லிய வெளிர் கோடு மட்டும் தெரிந்தது.

"சுபாங்கி, ஒரு கடிதம் வந்தது," என்று தொடங்கினேன்.

"தெரியும் மச்சாள். நீங்கள் முழுகின அண்டே தெரியும். உங்கட தலையில கோப்பி மணக்கேல்லை. உடுப்போட முழுகித் தோய்க்கிறது சாவுக்குத்தானே, ஊரில உங்களுக்கு அவரை விட்டா ஆர்?"

ஏன் என்னைக் கேட்கவில்லை என்றேன். நீங்கள் அழுவீர்கள், அழுதுகொண்டு வந்து சொல்லுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நீங்கள் அழவில்லை, அதனால் நானே தனியச் செய்தேன் என்றாள். அன்றிரவு நான் வெளியே வந்த பிறகு அதே குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறாள். அங்கேயே தாலியைக் கழற்றினாளாம். மரக்கறி, கோயிலுக்குப் போகாதது, முப்பத்தோராம் நாள் வடை பாயசம். அந்த நாலு வடை. எல்லாவற்றையும் மேடையைப் பார்த்தபடியே, சத்தமில்லாமல் சொன்னாள். தாலி எங்கே என்று கேட்டேன். உங்கள் தையல் பெட்டியில், அடித்தட்டில் வைத்தேன், திறந்தால் காண்பீர்கள் என்று நினைத்தேன் என்றாள். வீட்டுத் தையல் பெட்டியை நான் ஏழு கிழமையாகத் திறக்கவில்லை.

"எனக்கு முப்பத்தொண்டும் முடிஞ்சுது," என்றாள். "நீங்கள்தான் இன்னும் தொடங்கேல்லை."

மேடையில் தலைவர் சக்சபோனை எடுத்து, அந்த ஆசனத்துக்குப் பதிலாகத் தானே ஒரு நீண்ட சத்தம் கொடுத்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என் கை மடியில் கிடந்த கோட்டின் தோள் தையலைத் தடவிக்கொண்டிருந்தது. சுபாங்கி தன் கம்பளிச் சால்வையை எடுத்து என் கைகளின் மேல் போட்டாள்.

"தம்பி செத்துப்போனான்," என்றேன்.

தமிழில் அதை நான் அதுவரை ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை. சுபாங்கி ஓம் என்றாள். அன்று சித்திரை இரண்டாம் நாள். எனக்கு முதல் நாள்.